கடல் இல்லாத ஊருக்கு ஒரு கடற்கரை மடல்

பொது இயக்குநர் அவர்களுக்கு,
ஹைட்ரோகார்பன் பொது இயக்ககம், நொய்டா.

ஐயா, வணக்கம்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபடம் என்றால் எனக்கு ஒரு சபலம். எது கிடைத்தாலும் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். எண்ணெய், எரிவாயு தேடுவதற்குக் கடலை ஏலம் விடும் உங்கள் அலுவலகத்தின் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். குமரிமுனைக்குத் தெற்கே மூன்று கட்டங்கள். மறுநாள் அதை வகுப்பில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இதுல நம்ம பார் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் கூடுகிற இடம். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் படத்தில் ஒரு பாரும் இல்லை. நீல நிறம், கோடுகள், அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலைத் தேடிப் போனதில்தான் இந்த மடல் எழுதும்படி ஆயிற்று.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 3 அன்று ஒன்பதாவது சுற்று ஏலம் அறிவிக்கப்பட்டது. நாடு முழுக்க 28 பிளாக்குகள், அதாவது எண்ணெய் தேட ஒதுக்கும் கட்டங்கள். அவற்றில் மூன்று, குமரிக்குத் தெற்கே உள்ள ஆழ்கடலில். 9,514 சதுர கி.மீ., 9,844 சதுர கி.மீ., 7,795 சதுர கி.மீ. மூன்றையும் கூட்டினால் 27,153 வரும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் சேர்ந்தே 1,700 சதுர கி.மீ.க்குள்தான். அதாவது எங்கள் மாவட்டத்தைப் போலப் பதினாறு மாவட்டம் கொள்ளும் கடல். 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மூன்றும் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்குப் போய்விட்டன. படத்தில் இந்தப் பகுதிக்குக் 'காவிரிப் படுகை' என்று பெயர். பாறையியல்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் காவிரி எங்கள் ஊர்ப் பக்கம் வரை வந்திருக்கிறது என்று தெரிந்ததும், தண்ணீர்க் குழாயடியில் நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. கட்டுமரத்தில் போனவர். அவர் காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. ஒரு பாரைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு கோடுகள் போதும். கரையைத் திரும்பிப் பார்த்தால், கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலைமுகடு வந்து நிற்கவேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம், கரையோரப் பாறையும் தென்னந்தோப்பின் கடைசி மரமும் ஒட்டி நிற்கவேண்டும். அது இரண்டாவது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கலவா கிடைக்கும். அரை பர்லாங்கு தள்ளிப்போனால் வெறும் மணல். நான் வகுப்பில் முக்கோண அளவை என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவதை, பள்ளிக்கூடமே போகாத மனிதர் அலைமேல் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறார். இருபது பாருக்குமேல் அவருக்குத் தெரியும். எனக்கும் சொல்லித்தந்தார். நான்தான் கடலுக்குப் போகவில்லை.

அவரிடம் உங்கள் படத்தைக் காட்டி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தனை பாகம் ஆழம்?" என்றார். இரண்டு கையையும் அகல விரித்த நீளம் ஒரு பாகம். நீங்கள் கொடுத்திருப்பது மீ ஆழ்கடல் வகை. உங்கள் கணக்கில் 1,500 மீட்டருக்கு மேல். எண்ணூறு பாகத்துக்கும் கூடுதல் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எண்ணூறு பாகத்துல பொத்துக்கிட்டா எவன் முங்கி அடைப்பான் மக்கா?"

ஐயா, இந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். ஏனென்றால் இதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். கிணற்றின் வாய் இருந்த ஆழம் ஏறக்குறைய 1,500 மீட்டர். கிணற்றடிச் சிமெண்ட் நிற்கவில்லை. ஆபத்தில் வாயை மூடவேண்டிய பெரும் வால்வுத் தொகுதியும் வேலை செய்யவில்லை. முங்கி அடைக்க மனிதனால் முடியாது, ரோபோக்களை இறக்கினார்கள். கசிவின்மேல் ஒரு பெரிய இரும்புக் கூண்டைக் கவிழ்த்தார்கள். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் எரிவாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து கூண்டை அடைத்துக்கொண்டன. சேற்றை அழுத்தி அடைக்கப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வாய் மூடியபோது 87 நாள் ஆகியிருந்தது. அதற்குள் அந்த வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் கீழுள்ள கடலில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மீன்பிடிக்க மூடிவிட்டார்கள். எண்ணெயைக் கரைக்கச் சுமார் 70 லட்சம் லிட்டர் ரசாயனம் கொட்டினார்கள். கிணறு இருந்தது கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால். எண்ணெய் தொட்ட கரையின் நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல்.

உலகத்திலேயே வசதி மிகுந்த நாட்டில், கப்பலும் ஆளும் பணமும் கூப்பிடு தூரத்தில் இருந்த இடத்தில், 87 நாள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பதில்கள் தோன்றின. ஒன்று: 'இப்போது நடக்கப்போவது ஆய்வு மட்டும், எண்ணெய் எடுப்பது பிறகு வரும் பேச்சு.' டீப்வாட்டர் ஹொரைசன் தோண்டிக்கொண்டிருந்ததும் ஆய்வுக் கிணறுதான். இரண்டாவது பதில்: 'மீன் வளமுள்ள வாட்ஜ் பேங்க் என்பது கரைக்கு அருகே உள்ள, ஆழம் குறைந்த திட்டு; எங்கள் பிளாக்குகளோ ஆழ்கடலில்.' படத்தில் பார்த்தால் இது ஓரளவுக்கு நியாயம்தான். பார் வேறு, பிளாக் வேறு. நடுவே கோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு நீவாட்டுக்குத் தெரியாது.

நீவாடு என்பது கடல் நீரோட்டத்துக்கு எங்கள் கரைச் சொல். பருவத்துக்குப் பருவம் குமரிமுனையைச் சுற்றி அது திசை மாற்றும். தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடலிலிருந்து கிழக்கே வரும். வாடைக் காலத்தில் வங்கக் கடலிலிருந்து மேற்கே போகும். முனையில் இருப்பதால் இரண்டு பக்கத்துக் குப்பையும் எங்களுக்கு வரும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2025 மே கடைசியில் கண்ணால் பார்த்தேன்.

மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கரையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல் தொலைவு. சில நாளில் அலை ஓய்கிற வரி நெடுக வெள்ளையாக ஏதோ ஒதுங்கியிருந்தது. தூரத்தில் பார்த்தால் நுரை. கையில் எடுத்தால் ஜவ்வரிசி மாதிரி, ஒவ்வொன்றும் பருப்பளவு. பிளாஸ்டிக் செய்யும் ஆலைகளுக்குப் போகிற மூலக் குருணை. ஊரிலே கொசுவலையைச் சட்டத்தில் கட்டி மணலை அள்ளிச் சலித்தார்கள். மாவு சலிப்பது போலத்தான். மணல் கீழே போகும், குருணை மேலே நிற்கும், அதோடு சிப்பித் துண்டும் நண்டுக் குஞ்சும் நிற்கும். நண்டைப் பொறுக்கி விட்டுவிட்டு மிச்சத்தைச் சாக்கில் கட்டவேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சலித்து நிரப்பியது அரைச் சாக்கு. மறுநாள் காலை அதே இடத்தில் அதே அளவு வெள்ளை கிடந்தது. தனுஷ்கோடி வரை அது போய் ஒதுங்கியதாகப் பிறகு செய்தி வந்தது. இப்போதும் ஒரு பிடி மணலை எடுத்து நன்றாகப் பார்த்தால் ஒன்றிரண்டு அகப்படும்.

அது திடப்பொருள், ஐயா. கையால் பொறுக்க முடிந்தது. எண்ணெயை எந்தக் கொசுவலையில் சலிப்பது?

கடற்கரை என்றதும் தில்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு நினைவு வருவது சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் கிளிஞ்சல் மாலையும்தான். குறை சொல்லவில்லை, உறவினர் வந்தால் நானும் அங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் மணல் எங்களுக்கு வேலைத்தலம். விடிவதற்குள் கரைமடி இழுக்க முப்பது நாற்பது பேர் இரண்டு வடத்தையும் பிடித்துக்கொண்டு மணலில் குதிகாலை ஊன்றி நிற்பார்கள். வள்ளம் வந்து ஏறும் இடமும், மீன் ஏலம் போகும் இடமும், வலை பின்னும் இடமும் அதே மணல்தான். அம்மா இருந்தவரை நெத்திலி காயப்போட்டது அதில்தான். விரித்த நெத்திலியை மத்தியானம் ஒருமுறை புரட்டிவிடவேண்டும். காகத்தை விரட்டும் வேலை எனக்கு. சாயங்காலம் அள்ளும்போது மணல் ஒட்டாமல் உதிரவேண்டும், ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். கருவாட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் பட்டாலே மொத்தக் கூடையையும் வியாபாரி தள்ளிவிடுவார். வாசனை போகாது. ஒரு கரை முழுக்கத் தார் உருண்டை ஒதுங்கினால், கடலில் மீனே சாகாவிட்டாலும், இந்தக் கரையிலிருந்து வந்த மீன் என்றால் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். இந்த நஷ்டத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

சரி, கிணறு உடைந்தால்தானே இத்தனையும் என்பீர்கள். உடையாமலே நடப்பதும் ஒன்று இருக்கிறது. தோண்டுவதற்கு முன் நில அதிர்வு ஆய்வு செய்வீர்கள். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள்களை இழுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை காற்றழுத்தத் துப்பாக்கி வெடிக்கும், இரவும் பகலும், வாரக்கணக்கில். நார்வேக்கு வடக்கே தொண்ணூறுகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கி வெடித்த பகுதியிலிருந்து 18 கடல் மைல் வரை வலையில் அகப்படும் காட் மீனின் அளவு குறைந்தது. நிறுத்தி ஐந்து நாள் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை. டாஸ்மேனியாவில் 2017இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு துப்பாக்கி கடந்துபோன பாதையிலிருந்து 1.2 கி.மீ. தூரம் வரை நுண்ணிய மிதவை உயிர்கள் செத்துக் கிடந்தன. சாளையும் நெத்திலியும் தின்பது இந்த மிதவை உயிர்களைத்தான். சாளையைத் துரத்தித்தான் நெய்மீனும் சூரையும் வருகின்றன. உங்கள் பிளாக்கின் கோட்டுக்கு வெளியே இருக்கும் பாருக்கும் இதனால்தான் கவலைப்படுகிறேன்.

வாட்ஜ் பேங்க் பற்றி ஒரு பழைய சங்கதி. 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் கடிதம் பரிமாறிக்கொண்டன. வாட்ஜ் பேங்கும் அதன் வளங்களும் இந்தியாவின் உரிமை என்று அதில் உறுதியாயிற்று. இலங்கைக்கு மூன்று ஆண்டு மட்டும் ஒரு சலுகை: உரிமம் பெற்ற ஆறு கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன் மீன் வரை. இதை ஊரில் பலரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவெடுத்தால், எந்தெந்தப் பகுதி, எந்தத் தேதி என்று இலங்கைக்குத் தெரிவிக்கவேண்டும். தேடல் தொடங்கும் நாளிலிருந்து இலங்கைக் கப்பல்கள் அங்கே மீன்பிடிப்பதை நிறுத்தவேண்டும்.

முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டாவது முறை படித்தேன். எண்ணெய் தேடுவதும் மீன் பிடிப்பதும் ஒரே கடலில் சேர்ந்து நடக்காது என்று ஐம்பது ஆண்டுக்கு முன்பே தில்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெளிநாட்டு மீனவருக்குப் பகுதியும் தேதியும் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று எழுதவும் தோன்றியிருக்கிறது. உள்நாட்டு மீனவருக்கு அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடினேன். 2020 ஜனவரி 16 அறிவிக்கை கிடைத்தது. அதற்கு முன்புவரை எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்கள் 'ஏ' பிரிவில் இருந்தன. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டியிருந்தன. அந்த அறிவிக்கை நிலத்திலும் கடலிலும் ஆய்வுத் திட்டங்களை 'பி-2' பிரிவுக்கு மாற்றிவிட்டது. பி-2 என்றால் அறிக்கையும் வேண்டாம், கருத்துக் கேட்பும் வேண்டாம். அறிவிக்கை வந்தது சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து, உங்களிடமிருந்து இல்லை. ஆனால் அந்த வசதியில் நடப்பது நீங்கள் விடும் ஏலங்கள்.

டெல்டாக்காரர்களுக்காவது 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. வயலில் புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு கூடாது என்று மாநில அரசே சொல்ல முடிந்தது. கடலில் பன்னிரண்டு கடல் மைலைத் தாண்டினால் மாநிலத்தின் கை எட்டாது. பத்தாவது சுற்றில் மன்னார் வளைகுடாவை ஒட்டி 9,990 சதுர கி.மீ. பிளாக் ஒன்றைச் சேர்த்தபோது, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது. 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கடல் பசுக்களும் உள்ள வளைகுடா அது. 1986இலிருந்து தேசியப் பூங்கா, 1989இலிருந்து உயிர்க்கோளக் காப்பகம். ஒரு முதலமைச்சருக்கே கடிதம்தான் வழி என்றால் வாத்தியார் எழுதுவதில் தப்பில்லை.

எண்ணெய் எடுப்பவர்கள் அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடலில் வேலை செய்கிறவன் யாராக இருந்தாலும் எங்கள் ஊரில் மரியாதை உண்டு. 2005 ஜூலை 27 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். துணைக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரலில் வெட்டு. சிகிச்சைக்கு அவரை மேடைக்கு ஏற்றப் போனார்கள். பருவமழைக் கடலின் எழுச்சியில் கப்பல் தடுமாறி எண்ணெய்க் குழாயில் மோதியது, தீ பிடித்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு முழு மேடை இல்லாமல் போயிற்று. 22 பேர் இறந்தார்கள். யாரும் பெரிய தவறு செய்யவில்லை. ஒருவருக்கு மருந்து போடப் போனார்கள், அவ்வளவுதான். 2021 மே மாதம் தவ்தே புயலில், அதே மும்பை ஹைப் பகுதியில், பி-305 என்ற மிதவைக் கப்பல் மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அது மும்பைக் கடல். எங்கள் கடலில் 2017 நவம்பர் 30 இருக்கிறது. ஒக்கி குமரிமுனைக்குத் தெற்கே கடந்துபோனபோது புயல் என்ற பெயர் அதற்கு வந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே கடலுக்குள் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தூத்தூர்ப் பக்கம் ஒரே தெருவில் பல வீடுகள். உடல் கிடைக்காததால் அடக்கம் செய்யக்கூட முடியாத குடும்பங்கள். அந்தக் காற்று போன வழியில்தான் உங்கள் கட்டங்கள் இருக்கின்றன. இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை.

விபத்து நடந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கும் தூரமாகப் போகவேண்டாம், எண்ணூர் போதும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் இரண்டு கப்பல்கள் மோதின. கசிவு பெரிதில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு கரையில் கறுப்புக் கூழ் ஏறியது. ராக்கெட் விடும் நாட்டில் அதை அள்ளியது வாளிகள். கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாகப் பாறைமேல் நின்று வாளியைக் கைமாற்றி அனுப்பிக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. அரசு அறிவித்த நிவாரணம், ஒரு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். அதை வைத்து ஒரு வலையைக்கூட முழுதாக மாற்ற முடியாது என்று வலைக்காரனுக்குத்தான் தெரியும்.

வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். போட்டவர்கள் இருக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே தைமூர் கடலில் மொண்டாரா கிணறு பீறிட்டு 74 நாள் எண்ணெய் கொட்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் ரோட்டே தீவிலும் மேற்குத் தைமூரிலும் கடற்பாசி வளர்த்தவர்களின் கயிறுகளில் பாசி வெளுத்து உதிர்ந்தது. எண்ணெய் அவ்வளவு தூரம் போகவே இல்லை என்று கம்பெனி சாதித்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பாசிக்காரர்கள் சார்பில் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2021இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பதின்மூன்று ஆண்டு. அந்த இடைவெளியில் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எல்.கே.ஜி.யில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்து உண்மை ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. வெளிப்பொருத்து இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், விசைப்படகுக்கு டீசல் வேண்டும். ஒருமுறை ஆழ்கடலுக்குப் போய்வர ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்குமேல் வெளியிலிருந்து வாங்குகிறது என்பதும் தெரியும். நாளைக்கே எல்லாவற்றையும் மூடு என்று சொல்லும் யோக்கியதை டீசல் போடுகிற எங்களுக்கு இல்லை. ஆனால் எடுக்கலாமா வேண்டாமா என்பதில் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டல்லவா? சமையலுக்கு விறகு வேண்டும் என்பதற்காக யாரும் வீட்டு உத்திரத்தை உருவுவதில்லை. 2017இல் பெலிஸ் என்ற குட்டி நாடு தன் கடல் முழுவதிலும் எண்ணெய் தேடுவதை நிறுத்திச் சட்டம் போட்டது. அது பணக்கார நாடல்ல. பவளப் பாறையும் அதைப் பார்க்க வருபவர்களும் மீனும்தான் அதற்குச் சோறு என்று கணக்குப் போட்டுப் பார்த்தது.

கணக்கு என்றதும் இன்னொன்று. உங்கள் 2016 கொள்கைப்படி, மீ ஆழ்கடலில் எடுக்கும் எண்ணெய்க்கு முதல் ஏழு ஆண்டு ராயல்டியே, அதாவது அரசுக்குச் செலுத்தவேண்டிய பங்கே, கிடையாது. அதற்குப் பிறகு 2 விழுக்காடு. ஆபத்தான முதலீடு என்பதால் இந்தச் சலுகை என்கிறீர்கள். ஆபத்து என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதைச் சுமக்கப்போகிற இன்னொரு தரப்பின் பெயர் அந்தக் கொள்கையில் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. குமரிக்குத் தெற்கே உள்ள மூன்று பிளாக்குகளையும் திரும்பப் பெற வழி பாருங்கள். மன்னார் வளைகுடாப் பிளாக்கை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் உங்கள் ஒருவர் கையில் இல்லை, அமைச்சகம் முடிவெடுக்கவேண்டும் என்பது தெரியும்; அமைச்சகத்துக்குக் கோப்பு எழுதுவது உங்கள் அலுவலகம்தானே. கோப்பில் எங்கள் கடலைப்பற்றி எழுதும் பத்தியில், பிளாக் எண்ணுக்குப் பக்கத்தில் பார்களின் பெயரும் வரட்டும். பெயர்களை நான் தருகிறேன். அப்பாவும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேரும் இருக்கும்போதே எழுதிவாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. அதிலேயே எந்த மாதம் எந்தப் பாரில் எந்த மீன், நீவாடு எந்தப் பக்கம் என்பதும் இருக்கிறது. எந்த நில அதிர்வுக் கப்பலும் இதை எடுத்துத் தராது.

அதற்குமுன் ஒருமுறை இங்கே வாருங்கள். சட்டம் கேட்கவில்லை என்றாலும் வரலாம்தானே. ஜூன், ஜூலை நல்லது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். கடலும் அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும், கரையைக் காக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி ரோட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் வசதி, அன்று வள்ளக்காரர்களும் போகமாட்டார்கள். இரண்டாம் பூசை எட்டரைக்கு முடியும். ஆலய மண்டபத்தில் இருநூறு நாற்காலி இருக்கிறது. பள்ளி புரொஜெக்டரைத் தலைமையாசிரியரிடம் கேட்டு நான் எடுத்து வருகிறேன். நீங்கள் படத்தைத் தமிழில் மட்டும் கொண்டு வாருங்கள். முன்வரிசையில் பெண்கள் உட்காருவார்கள், அவர்கள்தான் அதிகம் கேட்பார்கள்.

அப்பா வருவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பதில் சொல்லவேண்டும். கேள்வி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரையிலிருந்து
ஒரு புவியியல் ஆசிரியர்